செந்நாரைக்குப் பின்னால் ஒரு வளையம்

பறவைப் படம் எடுப்பவர்களில் பலரும் பச்சை நிறத்தைக் கூட்டித் தொலைக்கிறார்கள், ஐயா. புல்லெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வெளிச்சத்தைக் கொஞ்சம் சரிசெய்வேன், ஓரத்தை வெட்டுவேன். இருப்பதை அழிப்பது என்னைப் பொறுத்தவரை ஏமாற்று வேலை. எங்கள் குழுவில் என்னைச் 'சுத்தக்காரர்' என்றுதான் கிண்டல் செய்வார்கள்.

அதனால்தான் சின்னவன் அன்று சதுப்பில் இறங்கினான். சின்னவன் என் மனைவியின் தம்பி. செந்நாரை வழக்கமாக வந்து நிற்கும் இடத்துக்குப் பின்னால் நாணலில் ஒரு நீலப் பை சிக்கிக் கிடந்தது.

"கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா போயிடுமே மாமா."

"போகும். ஆனா அது பொய்டா."

சிரித்துக்கொண்டே பேண்ட்டை மடித்துவிட்டான். என் பேச்சைத் தட்டாத பையன்.

பையை எடுத்துக்கொண்டு அவன் திரும்பும்போது, எங்கள் இருவருக்கும் நடுவில் நாரை வந்து இறங்கியது. நான் உள்ளங்கையைக் காட்டினேன். அப்படியே நின்றான். அவன் நின்ற இடத்தில் இடுப்பளவு தண்ணீர். அடியில் இருப்பது ஆளை இழுக்கும் சேறு என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்திருந்தது. ஒரு கையைத் தூக்கினான். நாரையோ மீனைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது. பொறு என்று மறுபடியும் சைகை செய்தேன்.

அவன் கத்தவில்லை. பறவை முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நாரை மீனோடு தலையை நிமிர்த்திய நொடியில் எனக்குப் படம் கிடைத்தது. அப்போது அதற்குப் பின்னால் கை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. நான் தொடர்ந்து எடுத்தேன். நாரை தானாகப் பறந்துபோன பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது வழுக்கிவிட்டான் என்று, அன்றைக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் உங்களிடம் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அந்தக் கையை அழித்தேன். எவ்வளவு எளிதாக இருந்தது தெரியுமா? ஒரே தட்டு. 'சின்னவன் நினைவாக' என்று எழுதி எல்லாக் குழுக்களிலும் பகிர்ந்தேன். முன்பின் தெரியாதவர்கள்கூட அழுதார்கள். என் மனைவி அதைப் பெரிதாக அச்சிடச் சொல்லி, சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினாள்.

ஒருநாள் தட்டைக் கழுவப் போனவள் நின்று கேட்டாள்.

"ஏங்க, நாரை இங்க நிக்குது. தண்ணியில வளையம் அங்கேருந்துல்ல வருது?"

"மீன் துள்ளியிருக்கும்மா."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்றிலிருந்து நிம்மதி போனது. தம்ளரைக் கீழே வைத்தால் தண்ணீரில் வளையம். முகம் கழுவக் குனிந்தால் வளையம். நடுவில் ஏதாவது எழுந்து வருமோ என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். பயம்தான், ஐயா. சொல்வதற்கென்ன.

அதனால் வளையத்தையும் அழித்தேன். அவள் கடைக்குப் போயிருந்தபோது சட்டத்திலிருந்த படத்தை மாற்றினேன். ஆனால் ஒருமுறை பகிர்ந்த படத்தைத் திரும்ப வாங்க முடியாது என்பதை மறந்துவிட்டேன். முதல் படம் அவள் போனில் இருந்தது. அதைச் சட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

அசல் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஏன் அழிக்கவில்லை என்று நீங்கள் கேட்கிறீர்கள். அசலை அழிப்பவன் படக்காரனே இல்லை.

அவள் விசையை முன்னும் பின்னுமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் போனால் கை முங்கியது. பின்னால் வந்தால் தண்ணீருக்குள்ளிருந்து கை வந்தது, தோள் வந்தது, முகம் வந்தது. மறுபடியும் மறுபடியும் அவனை வெளியே கொண்டுவந்தாள்.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

அவ்வளவுதான், எழுந்தாள். நேராக உங்களிடம் வந்துவிட்டாள். நான் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான், உண்மைதான். ஆனால் அவனும் கத்தவில்லையே, ஐயா. கடைசிவரை நாரை கலையாமல் பார்த்துக்கொண்டான். அந்தப் படம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தது. அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.