கருப்புப் பசைக்கு அடியில்

ஒயருக்கு ஈயம் வைப்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு முடிச்சுப் போடுவது என் வழக்கம் சார். இழுத்தாலும் பிடுங்கிக்கொண்டு வராது. எங்கள் கணபதி ஏரியாவில் கிட்டார் சத்தத்தை மாற்றும் எஃபெக்ட் பெட்டி செய்கிறவர்களில் வேறு யாருக்கும் இதற்குப் பொறுமை கிடையாது.

செய்து முடித்ததும் சர்க்யூட் மேல் கருப்புப் பசையை ஊற்றி இறுக்கிவிடுவேன். எட்டு வருஷம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த சத்தத்தை இன்னொருத்தன் அரை நாளில் காப்பியடிக்கக் கூடாதில்லையா?

கதிரேசன் என் முதல் பெட்டியை வாங்கியவர். கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசிப்பார். பங்குனியில் ஸ்விட்ச் ஒட்டுகிறது என்று கொண்டுவந்தார். மூடியைத் திறந்தேன். ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குப் பசையைச் சுரண்டி, மறுபடி புதுசாக ஊற்றியிருந்தது.

"யாராச்சும் தொறந்தாங்களா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க நிஜாம் பாய், உங்களத் தவிர இதுல யாருங்க கை வெப்பாங்க?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாதமே திருப்பூர்க்காரன் ஒருவன் கிட்டத்தட்ட என் சத்தத்தை வாசிப்பதை மொபைலில் கேட்டேன். வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

வைகாசியில் கதிரேசன் தன் பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தொட்டா சுருக்குங்குதுங்க பாய். கொஞ்சம் பார்த்துப்போடுங்க" என்றார். உள்ளே கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. எர்த் ஒயர் ஒன்றுதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அதுவும் பாதி இழையில். மீதி இழையை நான் வெட்டினேன். நீங்கள் காட்டிய போட்டோவில் ஒயர் முனை சீராக இருக்கிறதே, அந்தக் கட்டர் என்னுடையதுதான்.

"சரி பண்ணிட்டேனுங்க" என்று கொடுத்தனுப்பினேன்.

அவர் கச்சேரி இருந்த வெள்ளகோவில் கல்யாண மண்டபத்துக்கு நானும் போயிருந்தேன். மத்தியானம் சவுண்ட் செக். கதிரேசன் கிட்டார் கம்பிகளைப் பிடித்தபடி மைக்கில் வாயை வைத்தார். மெயினை அணைக்க முதலில் ஓடியவன் நான்தான் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஓடினேன், கொஞ்சம் மெதுவாக.

அவர் இறந்த பதினோராம் நாள் மனைவி செவ்வந்தி அந்த எஃபெக்ட் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தார். "ஒருத்தரையும் தொட உட மாட்டாருங்க. எங்கிட்டகூடக் குடுத்ததில்ல. நீங்களே வெச்சுக்கங்க பாய்."

செவ்வந்தி கிளம்பியதும் அந்த மூலையைச் சூடாக்கிச் சுரண்டினேன். அடியில் பிறகு மாற்றிப் போட்ட ஒரு ஒயர். ஈயத்துக்குக் கீழே சின்னதாக ஒரு முடிச்சு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெருமழை பெய்த வருஷம் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, அந்த மூலையை நானே பிரித்து, நானே மூடியிருக்கிறேன். கதிரேசன் கையே வைக்கவில்லை. புதுப் பசை ஊற்றி அலமாரியில் வைத்துவிட்டேன், நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு சார். ஆனால் ஒன்றை நீங்களும் யோசிக்க வேண்டும். இத்தனை நாள் அவர் பிரிக்கவில்லை, சரி. நாளைக்குப் பிரித்திருக்க மாட்டார் என்பதற்கு யார் பொறுப்பு?