நுர்பு தொலைத்த வியாழக்கிழமை

ஹலோ... ஹலோ, யாங்ஜி... நான்தான், உன் புருஷன் நுர்பு. மலையடி முகாம் சமையக் கூடாரத்துலேர்ந்து பேசுறேன். மலையேற வந்த ஜப்பான்காரங்க போனு... கத்தாத, நல்லாக் கேக்குது.

பொறந்தாச்சா? ... பொண்ணா. ... ஆமா, ஆமா, சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன். நீ எப்படியிருக்க? ... சூப்பு குடிச்சியா? ... சரி, சரி. எப்பப் பொறந்தா? ... நேத்துக் காலையிலயா. அப்ப புதன்கிழமை. லாக்பான்னு பேரு வச்சாச்சா?

...புர்பாவா? அது வியாழக்கிழமைப் புள்ளைக்குல்ல வைக்கிற பேரு. ... இல்லடி, இன்னிக்குத்தான் வியாழன். தினமும் அடுப்பாண்ட ஒரு கல்லு வச்சு எண்ணிக்கிட்டு வர்றேன், பூஜை நாள் கணக்கு என் பொறுப்பு, என்கிட்டயே...

வெள்ளியா? ரேடியோவே சொல்லிச்சா?

...இரு. கொஞ்சம் பேசாம இரு. போன வாரம் பனிக்காத்துல கூடாரத்துக்குள்ளயே சுருண்டு கெடந்தோம். ஒரு ராத்திரின்னு நெனச்சேன். ரெண்டு போல.

சிரிக்காத. மோசம் போயிட்டேன் நான். மலைக்குப் பூஜை போட உங்கப்பா குறிச்சது வியாழக்கிழமை. அது தவறினா ஒருத்தனும் மேல கால் வைக்கக்கூடாதுன்னாரு. இங்க இப்பத்தான் பூஜைக் கொடி கட்டிக்கிட்டிருக்கானுங்க. ... அடுத்த நல்ல நாளா? ரெண்டு வாரம் போவணும். அதுக்குள்ள பனி மூடிரும். முப்பது வருஷமா யாரும் ஏறாத மலைடி. சமையக்காரன் கிழமையைத் தொலைச்சிட்டான், திரும்பிப் போங்கன்னா சொல்லுவேன்?

...யாரு, உங்கப்பா லாமா பக்கத்துலயா இருக்காரு? குடுக்காத... யாங்ஜி, குடுக்காத... ஆங், கும்பிடுறேன் மாமா. ... ஆமா. ஆமா. தப்புதான். ... நேத்தா? நேத்து ஒண்ணும் பண்ணல மாமா. ... விடியக்காலம் பூஜைக் கல்மேடையில நான் மட்டும் போய் கொஞ்சம் தூபத் தழை கொளுத்தினேன். ... ஒரு கிண்ணம் சாங்கு கள்ளு ஊத்தினேன். ... மலையம்மாகிட்டதான், யாங்ஜிக்கு நல்லபடியாப் பிரசவம் ஆகணும்னு. ... அது நம்ம வீட்டு வேண்டுதல்தானே மாமா?

...என்ன சொன்னீங்க? ... நேத்து வியாழன், மலையம்மா பூஜையை ஏத்துக்கிட்டு கேட்டதையும் குடுத்துட்டா, இன்னும் எதுக்குக் கதவைத் தட்டுறங்கிறீங்களா? ... அப்ப ஏறலாமா? நெசமாவா? ... சரி மாமா. சரி, சரி.

டேய், மூட்டையைக் கட்டுங்கடா. விடிஞ்சதும் ஏறுறோம்... உங்களைச் சொல்லல மாமா, இங்க பசங்களை. ... போனை யாங்ஜிகிட்டக் குடுங்க.

...அழுவுறாளா? போனை அவ காதுகிட்டப் புடி. ... புர்பா... நான் உங்கப்பன். நான் தொலைச்ச நாளை நீ கெட்டியாப் புடிச்சிக்கிட்டியே, என் தாயி... ஹலோ? ... ஹலோ...