சுழல்காற்றில் பறந்த பச்சைப் பட்டு

சனிக்கிழமை காலை, பாசிர் ரிஸ் நிலையத்தில் கிளம்பிய ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள்.

"சுழல்காத்து என்னைய ஒன்னும் பண்ணல லா. வீடியோதான் மாட்டி விட்டுருச்சு" என்றார் மூத்தவர். நான் என் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

"நெசமாவே சுழல்காத்தாக்கா? அன்னிக்கு நான் சாங்கியில வேலையில இருந்தேன்."

"கடல் பக்கமிருந்து தூண் மாதிரி சுத்திக்கிட்டு வந்துச்சு. எங்க மாடி ஜன்னலுக்கு வெளிய நீட்டித் துணி காயப்போட்ட மூங்கில் கம்பு, சேலையோட போயிருச்சு. நல்லவேளை, கீழ ஆள் இல்ல."

"எந்தச் சேலை?"

"எங்க அண்ணியோட பச்சைப் பட்டு. ஒரு கல்யாணத்துக்குக் கட்ட இரவல் வாங்குனேன், சாம்பார் கொட்டிருச்சு. வீட்லயே அலசிக் காயப்போட்டுட்டு, டிரைகிளீன் கடையில குடுத்திருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

இளையவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்புறம் எப்படித் தெரிஞ்சுச்சு?"

"குடும்ப குரூப்புல வீடியோ வந்துச்சு. காத்துக்கு நடுவுல பச்சையா ஒன்னு சுத்துது."

"பச்சை சேலை யார்கிட்டதான் இல்ல? உங்களோடதுன்னு சமாளிச்சிருக்கலாமே. எந்தப் புண்ணியவான் அதைப் போட்டது?"

"நான்தான். எடுத்ததும் நான்தான். சத்தம் வச்சுக் கேக்காமலே அனுப்பிட்டேன்."

"சத்தத்துல என்ன இருக்கு?"

மூத்தவருக்குச் சிரிப்பில் கண்ணே நிறைந்துவிட்டது.

"நான்தான் கத்துறேன். 'ஐயோ, அண்ணி சேலை! அண்ணி சேலை!'"