குடல் அறுந்துபோச்சு

கலிபோர்னியாவின் சன்னிவேலில் நான் ஏறிய ரயிலில், என் முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள்.

"நேத்து ஆபீஸ்ல எனக்கு ஆம்புலன்ஸ் வந்துச்சுடா."

"ஐயோ, என்னாச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. எங்க டீம்ல மெய்லிங்னு ஒரு சீனப் பொண்ணு, அவளோட அப்பா ஊர்ல இறந்துட்டார். அவ அழவே இல்ல, மீட்டிங் எல்லாம் அட்டெண்ட் பண்றா. சைனீஸ்லயே ஆறுதல் சொல்லலாம்னு தேடினேன். ரொம்ப துக்கம்னா 'குடல் துண்டு துண்டா அறுந்துபோச்சு'ன்னு சொல்வாங்களாம்."

"நம்மூர்ல பெத்த வயிறு பத்தி எரியுதுன்னு சொல்றாப்ல."

"அதேதான். வயித்தைப் பிடிச்சுக்கிட்டே சொன்னேன். என் உச்சரிப்புல அவளுக்குக் குடல் மட்டும்தான் புரிஞ்சிருக்கு. உடனே 911 கால் பண்ணிட்டா."

"அப்புறம்?"

"வந்தவங்ககிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவளும் அவங்ககிட்ட 'இவர் நல்லாத்தான் இருக்கார், எங்கப்பாதான் செத்துட்டார்'னு சொல்லும்போதே உடைஞ்சு அழுதுட்டா. கடைசியில ஸ்ட்ரெச்சர்ல அவளைத்தான் உட்கார வெச்சாங்க."