மூன்றாவது சத்தத்துக்குக் காத்திருந்தோம்

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் தெரு விழாக் குழுத் தலைவர் ஒனோஃப்ரே அவர்களே, பட்டாடை அணியாமல் வந்தாலும் பட்டத்தரசியாகவே வீற்றிருக்கும் இவ்வாண்டு விழா அரசி செலோ அவர்களே, வாலென்சியாவின் வெடிப்புகையை வாழ்நாளெல்லாம் சுவாசித்த மூத்தோர்களே, மார்ச் மாதத் தீத்திருவிழாவுக்காகத் தூக்கம் துறந்து துணி தைக்கும் தாய்மார்களே, இந்த வாத்தியாரை மேடையேற்றக் கூடாது என்று கையெழுத்து வேட்டை நடத்திய நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் காஸ்பரின் வணக்கம்!

உங்கள் முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. குரல் கொடுத்து அறிவிக்காமல் நம் தெருவில் இனி ஒரு வெடியும் வெடிக்கக் கூடாது. எழுதியவன் நான். எழுத வைத்தது பயம்.

என்ன நெலோ, பின்வரிசையில் முணுமுணுப்பு? "வாத்தியாரே, அப்புறம் விழாவுல என்ன, செபமா பண்றது?" என்கிறாய். பண்ணு தம்பி, உனக்கு அது தேவைதான்.

பெரியோர்களே! பழைய ஆற்றுப் படுகையில் நிற்கும் கலை, அறிவியல் வளாகத்துக்குள் நான் இருபது ஆண்டுகள் கால் வைத்ததில்லை. அங்கே வழிகாட்டி வேலை கேட்டேன், வேறொருவனை எடுத்தார்கள். கோபம் எனக்கு. அந்த வெள்ளைக் கட்டடங்களுக்கு அது தெரியவே தெரியாது.

சென்ற மார்ச்சில் என் மகள் ரெமேயின் வகுப்பு அங்கே போயிற்று, விழாத் தீயில் எரிக்க நம் குழு செய்த பொம்மைகளின் கண்காட்சியைப் பார்க்க. துணைக்கு ஒரு பெற்றோர் வேண்டும். அவள் தாய் காய்ச்சலில் படுத்திருந்தாள். போனேன்.

திமிங்கலத்தின் விலா எலும்புகள் போல வெள்ளைத் தூண்கள்! திறந்த கண்ணைப் போல ஒரு கோளரங்கம்! முழங்காலளவு தண்ணீரில் எல்லாம் தலைகீழாய் நின்று மின்னின. வெறுத்தவன் சொல்கிறேன், அழகுதான்.

"அப்பா, நீ இங்க வந்ததே இல்லையா? எங்க டீச்சர்கிட்ட சொல்லிடாத, மானம் போயிரும்!" என்றாள் ரெமேய்.

குளக்கரையில் நம் குழுவின் கொடிக்கம்பம். பதினைந்து மீட்டர் இரும்பு. அதை இழுத்துப் பிடிக்க மூன்று கம்பிவடங்கள். மேற்குக் காற்று வீசியது.

டமார்!

வேறெந்த ஊர்ப் பிள்ளையும் ஓடியிருக்கும். நம் பிள்ளைகள்? நின்றார்கள். நிமிர்ந்தார்கள். காது அடைக்காமலிருக்க வாயைப் பிளந்தார்கள். நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்!

டமார்!

"ரெண்டாச்சு! மூணாவது வரட்டும், அப்புறம்தான் கச்சேரி!" என்று கத்தினான் ஒருவன். பெருவெடிக்கு முன் மூன்று எச்சரிக்கை வெடி விடுவது நம் வழக்கம். எண்ணிக்கொண்டே நெருங்கி வருவது நம் பழக்கம். நெருங்கினார்கள் ஐயா, நெருங்கினார்கள்! கம்பத்தடிக்கே நெருங்கினார்கள்!

நான்? விசையும் இழுவிசையும் இருபத்தாறு ஆண்டுகள் கற்பித்தவன்? அறுந்து தெறிப்பது கம்பிவடம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஓடியவர் ஒருவரே. உக்ரைன் போருக்குத் தப்பி வந்து அங்கே தரை துடைக்கும் ஹலீனா. துடைப்பத்தை எறிந்தார், கைகளை விரித்தார், பிள்ளைகளைத் துரத்தினார். "ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!"

சிரித்தோம்! "ஏன்க்கா, வெடிக்கா பயம்? வாலென்சியாவுக்கு வந்துட்டு?" என்று கேலி பேசினோம். அவர் துரத்திய சிறுசுகளும் சிரித்துக்கொண்டேதான் ஓடின. அசையாமல் நின்றவள் ரெமேய். அவளை அள்ளித் தண்ணீரில் வீசினார் ஹலீனா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? தாய்மார்களே, கேளுங்கள். "ஏய், எம்பொண்ணு மேல கை வைக்காத! உனக்குப் பைத்தியமா?" என்றேன்.

டமார்!

கம்பம் விழுந்தது. அதன் கீழே ஒரு பிள்ளையும் இல்லை. ஹலீனாவின் தோள் இருந்தது.

மருத்துவமனையில் போய், "உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க. எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணுதான். முதல்ல ஓடுவேன், அப்புறம்தான் யோசிப்பேன்" என்றார்.



தலைவர் அவர்களே, வடங்களை முடுக்கியவர் யார் என்று கேட்டு உங்கள் மைத்துனரின் முகத்தைச் சிவக்க வைக்க எனக்கு ஆசைதான். மறைக்கவில்லை. அந்தக் கோபம் என்னிடமே இருக்கட்டும். அன்றிலிருந்து கதவு அறைந்தால் வாசலுக்கு ஓடுகிறேன். பள்ளி மணி அடித்தால் மேலே பார்க்கிறேன். என் மகளோ பார்ப்பதில்லை. அவளுக்கு இன்னும் சத்தமென்றால் சந்தோஷம். அதுதான் என் பயம்!

அஞ்சாத ஊர் என்று மார்தட்டினோம். அந்தப் பெருமைதானே என் பிள்ளையைக் கம்பத்தடியில் நிறுத்தியது? அறிவித்து வெடியுங்கள், ஆயிரம் வெடியுங்கள், நானும் கைதட்டுகிறேன். அறிவிப்பில்லாமல் ஒரு சத்தம் கேட்டால் மட்டும் பிள்ளை ஓட வேண்டும். கேலி செய்தாலும் ஓட வேண்டும். அது பொய்ச்சத்தமாக இருந்தாலும் ஓட வேண்டும். இன்று இந்தத் தீர்மானம் தோற்றால், வரும் மார்ச்சில் ரெமேய் மறுபடி அசையாமல் நிற்பாள். அவள் பக்கத்தில் உங்கள் பிள்ளை நிற்பான். எல்லா இடத்திலும் ஹலீனா இருப்பாரா?

தண்ணீர் தந்த செலோவுக்கும், திட்டிக்கொண்டேனும் கடைசிவரை கேட்ட உங்களுக்கும் நன்றி. தலைவர் இனி வாக்கெடுக்கலாம். பயத்தோடு வணங்கி அமர்கிறேன்.