கீழே பார்க்காமல் விட்ட பூச்சியம்

கிண்ணியா பஸ் துறைமுகத்தைத் தாண்டியபோது முன் இருக்கையில் ஒரு பிள்ளை தோழியிடம் சொன்னாள்: “கோடு படுத்துக் கிடக்கெண்டு எழுதிட்டன் புள்ள. அது படுக்கவே இல்ல.”

இருவரும் உயர்தரக் கணிதப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்கள். என் மகள் மடியில் தூங்கினாள். நானும் ஒரு காலம் படித்ததுதான்; இப்போது ஒன்றும் நினைவில்லை.

“வகையிட்டாய்தானே?” என்றாள் தோழி.

“ஓம். வந்த பின்னத்தில மேல பூச்சியமாக்கினன். ரெண்டு புள்ளி. ரெண்டுலயும் தொடலிக் கோடு கிடையாப் படுத்திருக்கெண்டு எழுதிட்டன்.”

“கீழ போட்டுப் பாத்தியா?”

“இல்ல.”

“ஒண்டுல கீழயும் பூச்சியம் புள்ள. அதுல வளையிக் கோடு தன்னையே வெட்டுது, தொடலி ரெண்டும் சரிவு. விடு, ஒரு கேள்விதானே.”

“மத்ததுகளும் பிழைதான். இது மூணாந்தரம், இனி எழுத ஏலாது. இந்தமுற பெயிலானா நிக்காஹ் முடிச்சு வைக்கிறதெண்டு வாப்பா சொல்லிட்டாரு.”

அவளுடைய போன் அடித்தது.

“ஓம் வாப்பா. நல்லாச் செஞ்சன் வாப்பா.”

போனை வைத்தாள்.

“என்னவாம்?” என்றாள் தோழி.

“நான் சோதின எழுதி முடிச்சதுக்கு உம்மா சோறாக்கி அக்கம்பக்கமெல்லாம் குடுக்கிறாவாம்.”

அவள் பையைத் தோளில் மாட்டினாள். பிறகு சொன்னாள்:

“நம்மட இடத்துக்கு முன்னுக்கே இறங்கி நடப்பம் புள்ள. உம்மா குடுத்து முடியட்டும்.”