பாதிப் பட்டு

ஆடி இரண்டாம் வெள்ளி, காலை ஒன்பது நாற்பது. ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரம் வரும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவளுடைய நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் மடியில், தத்தெடுத்த நான்கு மாதக் குழந்தை.

"புள்ளையே பெறாம பால் வருதுன்றியே, தறியே இல்லாம பொடவை வருமா?"

"வருது அண்ணி. டாக்டரம்மா மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு மாசமா ராவும் பகலும் மாருல மெஷின் வெச்சு இழுத்துக்கினு இருந்தேன்."

"அதுல இவளுக்கு வயிறு நெறையுதா?"

"பாதி என்னுது. மீதிக்குப் பவுடர் பால்."

"அப்ப பாதிப் பட்டு, பாதி பாலியஸ்டரு!"

"இவள இன்னா, பட்டுன்னு முத்திரை குத்திக் கடையில விக்கவா போறோம்?"

"வாய் மட்டும் உனக்கு அசல் பட்டும்மா. இன்னா பண்ணாலும் பெத்தவதான் அம்மா."

குழந்தை வீறிட்டது. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிப் பால் கொடுத்தாள். பக்கத்து வரிசையில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். நாத்தனார் தன் முந்தானையைத் திரைபோல விரித்துப் பிடித்தார்.

"இன்னாபா பாக்குற? அம்மா புள்ளைக்குப் பால் குடுக்கறத பாத்ததே இல்லியா?"